சொல்லாமல் விட்ட மூன்றாம் நாள்

பிப்ரவரி 9

டாக்டரம்மாவுக்கு,

நான்கு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். முன்பு மட்டும் நேராகவா இருந்தது என்று நீ சொல்வாய்.

நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். டி.பி. கண்டுபிடித்து இருபத்தாறு நாள் ஆகிறது. அதற்கு முன்னால் மூன்று மாதம், வெறும் சளிதான் என்று சிரப் குடித்துக்கொண்டு லிஃப்ட் பழுதுபார்க்கக் குழிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படாத வகையாம். அதனால் வேறு மாத்திரை, வேறு ஊசி, இங்கேயே மாதக்கணக்கில் படுக்கை. எட்டுக் கட்டில் உள்ள வார்டில் ஆறாவது என்னுடையது. ஜன்னலோரம்.

போனில் சொல்லியிருக்கலாம். தொண்டையிலும் பரவியிருக்கிறது, பேச வேண்டாம் என்கிறார் டாக்டர். பேசினாலும் நமக்குள் இரண்டாவது நிமிஷம் சண்டை வந்துவிடும். காகிதத்தில் அது கொஞ்சம் தாமதமாக வரும்.

சேர்க்கும்போது படிவத்தில் மனைவி பெயர் கேட்டார்கள். உன் பெயரையும் ஆய்வக விலாசத்தையும் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு என் தங்கை ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணி டி.பி. கிருமியத்தானே வளக்கிறாங்க? அங்கேருந்துதான் வந்திருக்கும். உள்ளேயே தூங்கிக்கிட்டு இருந்து இப்ப முழிச்சிருக்கு." வருஷக்கணக்கில் உடம்புக்குள் பதுங்கியிருக்கும் என்று டாக்டரும் சொன்னார். நான் உன்மேல் பழி போடவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

லிஃப்ட்காரன்


பிப்ரவரி 17

உங்களுக்கு,

கடிதம் வந்தது. உங்கள் தங்கைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ப்பது தடுப்பூசிக்குப் பயன்படும் கிருமி. அதே குடும்பம்தான், ஆனால் பல்லைப் பிடுங்கியது. அதுவும் சாதாரண மாத்திரைக்கே செத்துப்போகும். உங்களுடையது சாகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அது என்னுடையது இல்லை. உங்களோடு குழியில் இறங்கும் பெரியவர் ஒருவர் வருஷக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பார் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அவரைப் போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உடனே சொல்லுங்கள்.

இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே தவிர, கடிதம் வந்த மறுநாளே நானும் போய் ரத்தமும் எக்ஸ்ரேயும் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளும்வரை சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபம் கேள்விமேல் இல்லை. பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருநாள்கூட நீங்கள் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் குறட்டை விடுவீர்கள். இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் குற்றப்பத்திரிகையாக.

மாத்திரையை ஒருவேளைகூட விடாதீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். என்னால் இப்போது வர முடியாது. வரலாமா என்றும் தெரியவில்லை.


மார்ச் 6

டாக்டரம்மாவுக்கு,

குழிப் பெரியவருக்கு ஆள் அனுப்பினேன். அவருக்கும் இருக்கிறது. நீ சொன்னது சரி. தங்கையிடமும் சொல்லிவிட்டேன். அவள் "அப்படியா" என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்காதே.

இப்போது வேறு விஷயம். ஐந்தாம் கட்டிலில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டாம் முறையாக வந்து படுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எழுத்து விடாமல் படிப்பார். போன ஞாயிறு படித்துக்கொண்டே வந்தவர், "இந்தம்மா நம்ம வியாதியப் பத்தித்தான் பேசுது" என்று திருப்பிக் காட்டினார். பார்த்தால் நீ! வெள்ளைக் கோட்டும், பின்னால் மைக்ராஸ்கோப்பும், போட்டோ எடுப்பவர்களைப் பிடிக்காத அதே முகமும்.

"யாரு?" என்றார் வாத்தியார். எனக்குக் குரலே வராது. ஆனாலும் "என் சம்சாரம்" என்று சொன்னேன். எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. எனக்கு அன்று நல்ல மரியாதை.

தலைப்பு: 'பட்டினி போட்டால் செல் கிருமியைத் தின்கிறது.' வாத்தியாரை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை குறட்டை விடவில்லை. செல்லுக்குச் சாப்பாட்டை நிறுத்தினால் அது தன்னைத் தானே தின்ன ஆரம்பிக்கும், அப்போது உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியையும் சேர்த்துத் தின்னும், நாலு மணி நேரத்தில் கிருமி பாதியாகக் குறைந்தது என்று நீ சொல்லியிருக்கிறாய். தன்னுண்ணல் என்று அதற்குப் பெயரும் போட்டிருக்கிறார்கள்.

இத்தனை வருஷம் இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா? எனக்கு ஏன் இப்படிச் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய். சரி.

மாத்திரை ஒன்றும் பெரிதாக வேலை செய்கிற மாதிரி தெரியவில்லை. சளிப் பரிசோதனை இன்னும் அப்படியேதான் வருகிறது. வாத்தியாரும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நீ சந்தோஷப்படுவாய். வாழ்க்கையில் முதல்முறையாக உன் பேச்சைக் கேட்கப்போகிறேன்.

லிஃப்ட்காரன்


மார்ச் 13

உங்களுக்கு,

மூன்று முறை படித்தேன். நீங்கள் என் வேலையைப் பற்றி இவ்வளவு எழுதியதில்லை. அதனால் நானும் இன்று சோம்பல் பார்க்காமல் எழுதுகிறேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் பழசானதை, பழுதானதை அவ்வப்போது தின்றுவிடும். இரண்டு அடுக்குச் சவ்வால் ஒரு பை பின்னி, கழிவை உள்ளே போட்டு மூடி, அமிலம் நிறைந்த இன்னொரு பையோடு சேர்த்துவிடும். கரைந்து வருவதை மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். வெளியிலிருந்து சாப்பாடு வராதபோது இந்த வேலை வேகம் பிடிக்கும்.

உங்கள் நெஞ்சிலுள்ள கிருமியையும் செல் முதலில் ஒரு பையில்தான் விழுங்குகிறது. ஆனால் அது கெட்டிக்காரக் கிருமி. அந்தப் பை அமிலத்தோடு சேராமல் தடுத்துவிட்டு உள்ளேயே குடித்தனம் நடத்தும். நாளானால் பையைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் செல் ஒரு புரதத்தைக் கொத்தாக ஒட்டிவைக்கும், இது அகற்ற வேண்டியது என்பதற்கு அடையாளமாக. அதைக் கண்டுகொண்டு இரட்டைச் சவ்வு வந்து கிருமியைச் சுற்றி வளைக்கும். மைக்ராஸ்கோப்பில் அது பச்சைப் புள்ளியாகத் தெரியும். பதினோரு வருஷமாக நான் அந்தப் புள்ளிகளை எண்ணுகிறேன். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் இதுவரை உறுதியான முடிவு.

நீங்கள் 'சந்தோஷப்படுவாய்' என்று எழுதியதை நம்பி, இன்று கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலை.

இதைத் தபாலில் போடக் கையில் எடுத்தவள், உங்கள் கடிதத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். 'வாத்தியாரும் நானும் பேசி ஒரு முடிவு' என்று இருந்தது. என் பேச்சைக் கேட்கப்போகிறீர்கள். எந்தப் பேச்சை?

சாப்பிடுகிறீர்களா? தயவுசெய்து சொல்லுங்கள், நீங்கள் சாப்பிடுகிறீர்களா? நான் சொன்னது கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லைப் பற்றி. மனிதனைப் பற்றி இல்லை. பட்டினி கிடக்கும் உடம்பில் இந்த நோய் ஏறும், இறங்காது. கிருமியோடு சண்டை போடும் செல்கள் எல்லாம் சாப்பாட்டிலிருந்துதான் உண்டாகின்றன.

இந்தக் கடிதம் வர மூன்று நாள் ஆகும். நான் உங்கள் வார்டுக்குப் போன் செய்யப்போகிறேன்.


மார்ச் 22

காட்டிக் கொடுத்துவிட்டாய்.

இப்போது என் தலைமாட்டில் நர்சம்மா நிற்கிறார். நான் முட்டையை மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் நகர்கிறார். ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு இது தேவையா?

நடந்ததைச் சொல்கிறேன். வாத்தியாரும் நானும் அந்தக் கடிதம் எழுதிய மறுநாளே ஆரம்பித்தோம். காலையில் தண்ணீரும் மாத்திரையும். மத்தியானம் இரண்டு வாய். மற்றதெல்லாம் ஜன்னல் வழியாகக் காகங்களுக்கு. வாத்தியாருக்குத் துணை நான், எனக்குத் துணை அவர். "இன்னிக்குக் கொஞ்சம் லேசா இருக்கு, உள்ளே வேலை நடக்குது" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காக்காய்க் கூட்டத்தைப் பார்த்து நர்சம்மாவுக்குச் சந்தேகம் வந்த நேரத்தில் உன் போனும் வந்தது.

அதற்கு முந்தின நாள் நான் பாத்ரூமில் விழுந்தேன். சேரும்போது நாற்பத்தொன்பது கிலோ. இப்போது நாற்பத்துநான்கு. வாத்தியாரை அன்றைக்கே தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

நீ சொன்னதைத்தானே செய்தோம்? பேப்பரில் உன் பெயரும் படமும் போட்டுச் சொன்னதை? கண்ணாடித் தட்டு என்று அங்கே ஒரு வார்த்தை இருந்ததா? வாத்தியார் இரண்டு முறை படித்தார். நான் கேட்டேன். இல்லை.

இனி எழுதாதே.


மார்ச் 30

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

கண்ணாடித் தட்டு என்று நான் சொன்னேன். பேட்டி எடுத்த பெண் எழுதிக்கொண்டும் இருந்தாள். அச்சில் அது வரவில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. ஏனென்றால் நான் சொல்லாமல் விட்டது வேறொன்று இருக்கிறது.

நாலு மணி நேரப் பட்டினியில் கிருமி பாதியாவது உண்மை. அதே தட்டுகளை நான் மூன்று நாள்வரை வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் புள்ளிகள் மங்கின. மூன்றாம் நாள் செல்களே செத்து மிதந்தன. தின்னத் தின்ன ஒரு கட்டத்துக்கு மேல் தின்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. செத்த செல்லிலிருந்து மிச்சக் கிருமிகள் வெளியே வந்துவிட்டன. நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் அதேதான்.

துறைத் தலைவரிடம் காட்டினேன். "அது வேற கதைம்மா, அடுத்த ஆய்வுக் கட்டுரையில பாத்துக்கலாம். இப்ப ஆராய்ச்சித் திட்டத்தை நீட்டிக்கணும், பேப்பர்காரங்க வராங்க, எளிமையா சொல்லுங்க" என்றார். எளிமையாகச் சொன்னேன். அவர் என் வாயைக் கட்டவில்லை. மூன்றாம் நாள் என்று நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் எழுதியிருக்கக்கூடும். எனக்கு அன்று அலுப்பாக இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒருமுறையாவது ஒரு நல்ல செய்தியோடு போட்டோவில் நிற்க வேண்டும் போல இருந்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும்.

பத்திரிகைக்குத் திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறேன். வாத்தியார் எப்படி இருக்கிறார்?


ஏப்ரல் 15

உனக்கு,

வாத்தியார் போன வியாழக்கிழமை இறந்துவிட்டார்.

பட்டினியால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். "ரெண்டு நுரையீரலும் ஏற்கெனவே மோசமாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம்" என்றார். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது? ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றால் தூங்கியிருப்பேன்.

அவருடைய வீட்டம்மா சாமான்களை எடுத்துப்போக வந்தார். கண்ணாடி, சட்டை இரண்டு, கட்டுக்கட்டாகப் பேப்பர். பைக்குள் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு என் கட்டில் பக்கம் வந்து நின்றார். "நீங்கதானே பக்கத்துக் கட்டில்? கடைசியில ஒழுங்காச் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டாரும்மா. நல்லாச் சாப்பிட்டாரு" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கீழே தெருவைக் கடக்கிறவரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பை கனம்போல. இரண்டு இடத்தில் கீழே வைத்துக் கை மாற்றினார்.

உன் கடிதத்தைப் படித்தேன். எழுதாதே என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். உன் தப்பு உன்னுடையது. ஆனால் வாத்தியார் முதல் நாள் தயங்கினார். "மனுசனுக்கும் இது பொருந்துமா?" என்று கேட்டார். நான்தான் "என் சம்சாரம் தப்பாச் சொல்ல மாட்டா" என்றேன். உன்னைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இப்போது வைத்ததைச் சாப்பிடுகிறேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. ஒன்று செய். இரண்டாம் கட்டிலும் ஏழாம் கட்டிலும் இன்னும் அந்தப் பேப்பரைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்பதில்லை. "உங்க வீட்டம்மா சொன்னதைவிட உங்களுக்குத் தெரியுமா?" என்கிறார்கள்.


மே 4

உங்களுக்கு,

திருத்தம் வந்தது. பதினோராம் பக்கத்தில், வாடகைக்கு விடப்படும் என்ற விளம்பரங்களுக்கு மேலே, இரண்டு வரி. என் வீட்டுக்காரர் என்பதால் நீங்கள் தேடியிருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

மூன்றாம் நாள் முடிவை எங்கள் ஆய்வுக் கட்டுரையில் சேர்த்துத்தான் அனுப்புவேன் என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். "ஒரு வரிக்கு இவ்வளவு பண்றீங்களேம்மா" என்றார். வாத்தியாரைப் பற்றிச் சொன்னேன். மேஜையில் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். கெட்டவர் இல்லை. பிறகு, முடிவைச் சேர்க்கலாம், ஆனால் திட்டத்துக்கு வேறொருவர் பொறுப்பேற்கட்டும், நான் ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சண்டை போடத் தெம்பு இல்லை. என் மைக்ராஸ்கோப் இருந்த அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, நடைக்கூடத்துப் பெஞ்சில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் டாக்டரிடம் பேசினேன். உங்கள் சளிப் பரிசோதனை இரண்டு முறை சுத்தமாக வந்திருக்கிறதாமே, சொல்லவே இல்லையே? வியாழக்கிழமை பார்வையாளர் நேரத்தில் முகக்கவசத்தோடு வருகிறேன். உங்களைப் பார்க்க என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எட்டுக் கட்டிலிடமும் நானே சொல்ல வேண்டும்.

உங்களையும் பார்க்கத்தான்.


மே 19

உனக்கு,

நீ போன பிறகு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ நன்றாகப் பேசவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பாக்கெட்டைத் தேடினாய், கோட்டே போட்டிருக்கவில்லை. சவ்வு, அமிலம் என்று ஆரம்பித்ததும் மூன்றாம் கட்டில் கொட்டாவி விட்டது. ஆனால் "நான் பாதியத்தான் சொன்னேன். மீதி எனக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்லலை" என்றாயே, அப்போது எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஏழாம் கட்டில், "அப்ப சாப்பிடணும்ங்கறீங்க?" என்று கேட்டதும் நீ "ஆமாங்க, சாப்பிடுங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாய். ஐந்தாம் கட்டிலில் புது ஆள் வந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் தலையாட்டினார். இரண்டாம் கட்டில் அன்று சாயங்காலம் முட்டையை உரித்து, என்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டிவிட்டுத் தின்றது.

நீ இளைத்துப் போயிருக்கிறாய். உன்னிடம் சொல்லவில்லை. நான் ஐம்பது கிலோ வந்துவிட்டேன்.

போகும்போது வாத்தியார் வீட்டு விலாசம் கேட்டாய். கொடுத்துவிட்டேன். அதிலிருந்து நிம்மதி இல்லை. நான் அந்தம்மாவிடம் ஒரு பொய் சொல்லிவைத்திருக்கிறேன். நீ போய் உண்மையைச் சொன்னால் அவருக்கு இருக்கிற கொஞ்ச ஆறுதலும் போய்விடும். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. யோசித்துப் போ.


ஜூன் 2

உங்களுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிட்டேன்.

இரண்டு அறை வீடு. மாடிப்படிக்குக் கீழே அடுப்படி. அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர், பட்டினி, காகங்கள், நான் மறைத்த மூன்றாம் நாள். நீங்கள் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"அவர் பொய் சொல்றார்னு அப்பவே தெரியும்" என்றார். "நர்சம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க, எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டை ஜன்னல் வழியா வீசுறார்னு. ஏன்னு அப்ப அவங்களுக்கே தெரியலை, அப்புறம் யாரும் எங்கிட்ட சொல்லவும் இல்லை. கேட்டா சிரிக்கிறாராம்."

ஒரு சட்டையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ரெண்டாவது தடவை வியாதி வந்தப்ப நான் சலிச்சுக்கிட்டேன். 'இன்னும் எத்தனை நாளைக்கு நான் இப்படி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையுறது'ன்னு வாய்விட்டுக் கேட்டுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. அதான் சாப்பிடாமப் போய்ட்டார், எனக்குப் பாரமா இருக்க வேண்டாம்னு சாகத் துணிஞ்சுட்டார்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு மாசமா."

கையில் சட்டையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிழைக்கணும்னுதானா சாப்பிடாம இருந்தார்?"

"ஆமாம்மா."

"வீட்டுக்கு வரணும்னுதானா?"

"ஆமா. பிழைச்சு வீட்டுக்கு வரணும்னுதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். கையிலிருந்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். எழுந்தபோது, என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "படியில பாத்துப் போங்க, ஒரு படி ஒடஞ்சிருக்கு" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.


ஜூன் 10

உனக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு டாக்டர் வந்தபோது அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. நர்சம்மாதான் மறுபடி சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமை என்னை அனுப்புகிறார்கள். மாத்திரை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். தினமும் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

தங்கை வரச் சொல்கிறாள். அவள் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். என்னுடைய பழைய அறை பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே போனால் மாத்திரையைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும்தான், என்னை நம்ப முடியாது என்பது உனக்கே தெரியும். மூன்றாவதாக ஓர் இடம் உண்டா என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அலுத்துப் போயிருக்கிறாய், தெரியும். நானும்தான். ஒரே வீட்டில் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. இல்லை என்றாலும், அதை முழுதாக எழுது.